ஃபேக்ஸ் கட்டத்தில் எழுதியிருந்தவை

அந்த எக்செல் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று மடிக்கணினிகள் மாறிவிட்டன, கோப்பு மட்டும் கூடவே வருகிறது. பழைய மென்பொருளில் இருந்த ஒவ்வொரு கட்டமும் புதிய ஈஆர்பியில், அதாவது விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் பெரிய மென்பொருளில், எங்கே போய் உட்கார வேண்டும் என்று வரிவரியாகக் குறித்து வைத்த கோப்பு அது. வாடிக்கையாளர் பெயர் இங்கே, முகவரி அங்கே, கடன் வரம்பு இன்னொரு இடத்தில். ஃபேக்ஸ் எண்ணுக்கான வரியின் கடைசிப் பத்தியில் நான் தட்டிய வாசகம் இது: "காலாவதியானது. தரவும் குப்பை. எடுக்க வேண்டாம்." பக்கத்திலேயே என் பெயரின் முதலெழுத்துகள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போனால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இப்போது நான் செய்வது ஆராய்ச்சி. நிறுவனங்கள் இந்தப் பெரிய மென்பொருள்களை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, எப்படி நிறுவுகின்றன, நிறுவிய பிறகு உள்ளே இருப்பவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. இந்தத் துறைக் கட்டுரைகளில் ஒரு சொல் ஓயாமல் கண்ணில் படும்: "பயனர் எதிர்ப்பு". திட்டம் சொன்ன தேதிக்கு முடியவில்லையா, பயனர் எதிர்ப்பு. ஆட்கள் இன்னும் எக்செலில் கணக்கு வைத்திருக்கிறார்களா, பயனர் எதிர்ப்பு. சமீபத்தில் ஒரு கருத்தரங்கில் ஒருவர் அதை அளக்க ஏழு படிகள் கொண்ட அளவுகோலே போட்டுக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்த அளவுகோலில் எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்தால் ஏழுக்கு ஏழு வாங்கியிருப்பார். அந்த நிறுவனத்தில் புதிய மென்பொருள் உயிரோடு இருந்ததற்குக் காரணமே அவர்தான்.

மதிப்பெண் பட்டியல்

முதலில் தேர்வு. நான் அப்போது கணினிப் பிரிவில் இளையவன். உதிரி பாகங்களை வாங்கிப் பல வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் நடுத்தர நிறுவனம் அது. பழைய மென்பொருளை எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. புதிய ஈஆர்பி வாங்குவதென்று முடிவானதும் தேவைப் பட்டியல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு துறைத் தலைவரையும் உட்கார வைத்து "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, வந்ததையெல்லாம் வரிகளாக எழுதினோம். அறுநூறு வரிகளைத் தாண்டியது. அதை விற்பனையாளர்களுக்கு அனுப்பினால், ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று பதில்களில் ஒன்று வரும்: உண்டு, சிறு மாற்றத்தோடு உண்டு, அடுத்த பதிப்பில் உண்டு. இல்லை என்ற பதிலை அறுநூறு வரிகளிலும் தேடிப் பார்த்தேன். நான்கு விற்பனையாளர்களும் சேர்ந்து ஏழு இடத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

அப்புறம் டெமோக்கள். டெமோவில் வரும் மாதிரி நிறுவனத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அங்கே எந்த வாடிக்கையாளரும் ஆர்டரைப் பாதியில் மாற்றுவதில்லை, எந்தச் சரக்கும் வேறு பெட்டியில் போய்ச் சேர்வதில்லை. டெமோ முடிந்ததும் மதிப்பெண் போட்டோம். விலைக்கு இவ்வளவு, வசதிகளுக்கு இவ்வளவு, விற்பனையாளரின் நிதி நிலைமைக்கு இவ்வளவு என்று எடை கொடுத்து, பெருக்கி, கூட்டி. நிதித் தலைவர் முந்தைய நிறுவனத்தில் பயன்படுத்திய மென்பொருள் இரண்டாவதாக வந்தது. "எடைகளை ஒருமுறை சரிபாருங்கள்" என்றார். சரிபார்த்தோம். முதலாவதாக வந்தது. இதை ஊழல் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் நேர்மையானவர். தனக்குப் பழகிய ஒன்றின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது, அந்த நம்பிக்கைக்கு எண்களில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தோம். அந்த எக்செலை இன்றைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் ஆவணமாக எடுத்துப் படித்தால், "பல அளவுகோல்களைக் கொண்டு முறையாக எடுத்த முடிவு" என்று எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆவணம் அப்படித்தான் சொல்கிறது.

தேர்வில் நழுவும் விஷயம் பெரும்பாலும் அறுநூறு வரிகளில் இருக்காது. அவ்வளவு வெளிப்படையாக இருப்பதை யாரும் வரியாக எழுதுவதில்லை. ஜெர்மனியின் லிடில் சங்கிலிக் கடைகளின் கதை இதற்குப் பேர் போனது. 2011-இல் எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளுக்கு மாறத் தொடங்கினார்கள். கையிருப்புச் சரக்கை லிடில் வாங்கிய விலையில் மதிப்பிடுவது வழக்கம். மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்கும் விலையில் மதிப்பிடும். நிறுவனம் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்தார்கள். வளைக்க வளைக்கச் சிக்கல் கூடி, 2018-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். அதற்குள் சுமார் 50 கோடி யூரோ போயிருந்தது என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. சரக்கை எந்த விலையில் எண்ணுகிறோம் என்பது ஒரு வியாபாரத்தின் மூச்சு மாதிரி. மூச்சு விடுவதைத் தேவைப் பட்டியலில் யார் எழுதுவார்கள்?

இரண்டாவது வாரம்

மென்பொருள் முடிவானது, கன்சல்டன்ட்கள் வந்தார்கள், தரவு மாற்றும் வேலை தொடங்கியது. வாடிக்கையாளர் பதிவில் ஏறக்குறைய நூறு கட்டங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று முதலில் கணக்கெடுப்பது முறை. காலியாக இருப்பதைச் சுமந்துகொண்டு போவானேன்? ஃபேக்ஸ் எண் கட்டம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அந்த நிறுவனத்தில் ஃபேக்ஸ் இயந்திரமே இல்லை, ஒருகாலத்தில் அது இருந்த மேசையில் லேபிள் அச்சடிக்கும் கருவி இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திறந்து பார்த்தேன். எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள். "4க்கு மேல் கேட் மூடும்". "பின் வாசல், வண்டி திரும்பாது". "செவ்வாய் வேண்டாம்". "கி.கா. சொல்லி இறக்கு". புதிய மென்பொருள் அந்தக் கட்டத்தில் எண்களை மட்டும்தான் ஏற்கும், சோதனையில் எல்லாம் சிவப்பாக வந்தது. சிவப்பைக் குறைப்பதுதான் அந்த வாரம் எனக்கிருந்த இலக்கு. "தரவும் குப்பை" என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மொத்தம் பத்து விநாடி ஆகியிருக்கும். விற்பனைத் தலைவர் கோப்பு முழுவதற்கும் ஒரே கையெழுத்துப் போட்டு ஒப்புதல் தந்தார்.

புதிய மென்பொருளுக்கு மாறிய வார இறுதி நன்றாகவே போனது. முதல் வாரமும் அப்படியே. ஏனென்று பிறகுதான் தெரிந்தது: முந்தைய வாரமே அச்சடித்து வைத்திருந்த டெலிவரி சலான்கள் அந்த வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது வாரம் வண்டிகள் சரக்கோடு திரும்பி வர ஆரம்பித்தன. மூடிய வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த வண்டி, சந்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட வண்டி, சரக்கு இறக்க ஆள் இல்லாமல் மறுநாள் வரச் சொல்லப்பட்ட வண்டி. தாமதத்துக்கு அபராதம் கேட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் கட்டுப்பாட்டு அறைத் திரையிலோ எல்லாம் பச்சை. ஆர்டர் பதிவாகிறது, சலான் அச்சாகிறது, சரக்கு வெளியேறுகிறது. மென்பொருள் ஒரு தவறும் செய்யவில்லை. அனுப்பும் பிரிவிலிருந்து ஒரு புகார் டிக்கெட் மட்டும் வந்திருந்தது: "பழைய விவரம் வரவில்லை." உதவி மேசையில் அதற்கு "பயனருக்குப் பயிற்சி தேவை" என்று முத்திரை குத்தி முடித்து வைத்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

அனுப்பும் பிரிவில் 19 ஆண்டுகளாக இருந்த ஓர் அம்மா. நான் போனபோது பேனாவால் சலான்களின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செலவு செய்து, இரவெல்லாம் கண் விழித்து ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தால் இன்னும் பேனாவா! மடிக்கணினியைத் திறந்து, வாடிக்கையாளர் பதிவைக் காட்டி, எப்படித் தேடுவது என்று சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஃபேக்ஸ் எங்க போச்சு?" என்றார்.

"இப்ப யாரு மேடம் ஃபேக்ஸ் அனுப்புறாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பழைய சலான் ஒன்றை எடுத்து வைத்தார். வாடிக்கையாளர் முகவரிக்குக் கீழே, இடது ஓரத்தில், சின்ன எழுத்தில்: "ஃபேக்ஸ்: பின் வாசல், வண்டி திரும்பாது." அவர் விரலை அதன் மேல் வைத்தார். "இதப் பாத்துட்டுதான் டிரைவர் போவார்" என்றார்.

அந்த விரல் எனக்கு மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, சலானில் டிரைவருக்கு ஒரு குறிப்பு அச்சடிக்க வழி செய்யுங்கள் என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். மென்பொருளை மாற்றச் செலவாகும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். சரி, சலானில் ஏற்கெனவே என்னென்ன அச்சாகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, ஃபேக்ஸ். பெயரையும் முகவரியையும் தொட முடியாது. தொலைபேசி எண் வேண்டும். ஃபேக்ஸ் யாருக்கும் வேண்டாம், ஆனால் அச்சாகிறது. அந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ரூபாய் செலவில்லை, யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வண்டி திரும்பி வரும்போதும் டிரைவரிடம் கேட்டு ஒரு வரி சேர்த்துச் சேர்த்து, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் வாசல்களைப் பற்றிய அறிவு முழுவதும் அங்கே தேங்கியிருந்தது. அதை நான் பத்து விநாடியில் குப்பை என்று எழுதினேன்.

நல்ல வேளையாகப் பழைய மென்பொருளைப் படிக்க மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் பத்தியை வெளியே எடுத்து, மூன்று நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். "கி.கா." என்றால் கிடங்குக் காவலர் என்று அப்போதுதான் தெரிந்தது. இதில் என்னை இன்னும் குத்துவது வேறொன்று. புதிய ஈஆர்பியில் வாடிக்கையாளர் வாரியாக "டெலிவரி குறிப்பு" என்று இதற்கென்றே அழகான ஒரு கட்டம் முதல் நாளிலிருந்தே இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அதனால் டெமோவில் காட்டவில்லை. டெமோவில் பார்க்காததால் நிறுவும்போது திறக்கவில்லை. அதில் தரவை ஏற்றிய பிறகும் சலானில் அச்சாகவில்லை, சலான் வடிவத்தை மாற்ற மேலும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அந்த அம்மா பேனாவால் எழுதினார். திட்டத்தின் முடிவறிக்கையில் அந்தக் காலத்துக்கு ஒரு வாக்கியம் உண்டு: "அனுப்பும் பிரிவில் தொடக்கத்தில் பழைய முறைகளைக் கைவிடத் தயக்கம் காணப்பட்டது." எழுதியவன் நான் இல்லை. ஆனால் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

எதிர்ப்பு என்ற சொல்

ஆராய்ச்சிக்கு வந்த பிறகு படித்தவற்றில் பாதியை இந்த நினைவோடுதான் படித்தேன். லின் மார்கஸ் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரு நிறுவனத்தின் நிதித் தகவல் மென்பொருளைப் பற்றியது. கிளைப் பிரிவுகளின் கணக்காளர்கள் அதை விரும்பவில்லை. ஒரு பிரிவு புதியதோடு பழைய கணக்கு முறையையும் தொடர்ந்து வைத்திருந்தது. இதை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்றார் மார்கஸ். ஆட்களிடம் குறை என்று சொல்லலாம், மென்பொருளில் குறை என்று சொல்லலாம். இரண்டும் இல்லாமல், அந்த மென்பொருள் யார் கையிலிருந்த அதிகாரத்தை எடுத்து யார் கையில் கொடுக்கிறது என்று பார்க்கலாம். அந்தக் கதையில் தரவின் மேலிருந்த பிடி கிளைகளிடமிருந்து தலைமை அலுவலகக் கணக்காளர்களுக்குப் போனது. மூன்றாவது பார்வையில் "எதிர்ப்பு" ஒரு மனநோய் போலத் தெரிவதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1986-இல், லெஸ் காசர் இன்னும் கீழே இறங்கி அன்றாட வேலையைப் பார்த்தார். கணினி பொருந்தாத இடங்களில் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தங்கள் வேலையையே கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறார்கள், கூடுதல் வேலையைச் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள், அல்லது கணினியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கணினியைச் சுற்றிப் போவது விதிவிலக்கு அல்ல, வேலை நடப்பதே அப்படித்தான் என்பது அதில் எனக்குப் பிடித்த பகுதி. புட்ரோவும் ரோபியும் 2005-இல் எழுதிய ஆய்வில் ஓர் அரசு அமைப்பின் ஊழியர்கள் முதலில் ஈஆர்பியைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள், பிறகு ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டு, வடிவமைத்தவர்கள் நினைக்காத விதங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைத்த மென்பொருள் என்பதால் ஊழியர்களுக்கு வளைக்க இடமே இருக்காது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள்.

சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளைப் பற்றி 2000-இல் வந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். கிறிஸ்டினா சோவும் அவரோடு எழுதியவர்களும் மென்பொருளுக்கும் மருத்துவமனைக்கும் பொருந்தாத இடங்களைத் தரவு, செயல்முறை, வெளியீடு என்று பிரித்துப் பார்த்தார்கள். அதில் நோயாளியின் பெயரே ஒரு பிரச்சினை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று மேற்கத்திய முறையில் கட்டங்கள் இருந்தால் சீன, மலாய், இந்தியப் பெயர்களை எங்கே வெட்டுவது? இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் அன்றைக்கே நல்ல ஆராய்ச்சியாளனாக இருந்து, அந்த அம்மாவை முறையாக நேர்காணல் செய்திருந்தால் ஃபேக்ஸ் கட்டம் வெளியே வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "உங்களுக்கு என்ன விவரங்கள் தேவை?" என்று கேட்டிருந்தால், "இப்ப இருக்கிறது எல்லாம் வந்தாப் போதும்" என்று சொல்லியிருப்பார், அது முழு உண்மை. "மென்பொருளைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார், அதுவும் உண்மை. அவரைப் பொறுத்தவரை அது குறுக்கு வழியே அல்ல, அதன் பெயர் ஃபேக்ஸ். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு "ஃபேக்ஸைப் பாத்தியா?" என்றுதான் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் பொருளே மாறிவிட்டிருந்தது.

அதனால் இப்போது எந்த நிறுவனத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் நேர்காணலுக்கு முன்பு ஒரு வேலை செய்கிறேன். யாரும் பயன்படுத்தக் கூடாத கட்டங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று கேட்டு வாங்குகிறேன். பெரிய மென்பொருள்களின் வாடிக்கையாளர் பதிவில் இன்றும் ஃபேக்ஸ் எண்ணுக்கு இடம் இருக்கிறது, என் அதிர்ஷ்டம். முகவரியின் மூன்றாவது வரி, பெயருக்கு முன்னால் வரும் பட்டம், இரண்டாவது தொலைபேசி எண். பெயரே "பயன்படுத்தாதே" என்று தொடங்கும் சப்ளையர்களைப் பார்த்திருக்கிறேன். நீக்கும் உரிமை கொடுக்காததால் எழுதி வைத்தார்கள். பிறந்த தேதி எல்லாம் 1900 ஜனவரி 1 என்று இருக்கும் பட்டியல்கள் உண்டு. கட்டாயமாக நிரப்ப வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளி எனக்குப் பிடிக்கும். "நீ கேட்பது என்னிடம் இல்லை, ஆனால் என் வேலை நடக்க வேண்டும்" என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஃபேக்ஸ் கட்டமும் புனிதமில்லை

அந்த அம்மாவைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்வார். அவர் உள்தணிக்கைக்காரர், அவருக்கு இந்தக் கதை முழுவதும் ஒரு திகில் படம். நியாயம்தான். மூன்று நாள் உட்கார்ந்து படித்தபோது வாசல் விவரம் மட்டும் வரவில்லை. வாடிக்கையாளர்களைப் பற்றிய வசவுகளும் வந்தன. "காசு கொடுக்க மாட்டான், கையெழுத்து வாங்காம இறக்காதே" என்று ஒன்று. அது அந்த வாடிக்கையாளருக்கே கொடுக்கும் சலானில் அச்சாகி எத்தனை தடவை போனதோ! யாருடைய ஒப்புதலும் இல்லாத, எந்த ஆவணத்திலும் இல்லாத, பாதி சுருக்கெழுத்தில் ஒருவர் மண்டைக்குள் பூட்டியிருந்த முறை அது. அவர் ஒரு மாதம் விடுப்பில் போயிருந்தால் புதிய மென்பொருள் வராமலே வண்டிகள் திரும்பி வந்திருக்கும்.

எதிர்த் திசையிலிருந்தும் உதாரணம் உண்டு. பிரிட்டனில் பர்மிங்காம் நகர மன்றம் 2022 ஏப்ரலில் பழைய எஸ்ஏபியை விட்டு ஆரக்கிள் என்ற இன்னொரு ஈஆர்பிக்கு மாறியது. மென்பொருளுக்கு ஏற்ப நாம் மாறுவோம், மென்பொருளை மாற்ற மாட்டோம் என்றுதான் தொடங்கினார்கள். போகப் போகத் தங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றங்களைச் சேர்த்தார்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதி அப்படி மாற்றிய ஒன்று. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, மன்றத்தால் தன் கணக்குகளையே நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் மாற்றங்களைத் தூக்கிவிட்டு மென்பொருளை அப்படியே மறுபடியும் நிறுவுவது என்று முடிவெடுத்தார்கள். லிடில் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா, மென்பொருளை வளைக்கவே கூடாது என்று கன்சல்டன்ட்கள் சொல்வார்கள். நிறுவனத்தின் பழக்கம் எதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது என்று தெரியாமல் மென்பொருளை வளைப்பதும் அதே கண்மூடித்தனம், பழக்கத்தை வெட்டுவதும் அதே கண்மூடித்தனம் என்று எனக்குப் படுகிறது. நான் செய்தது இரண்டாவது வகை.

இன்னொரு கதை, எனக்கு இதில் நெருக்கமானது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-இல் மூன்று மென்பொருள்களை ஒரே சமயத்தில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது, அதுவும் இனிப்பு அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர்கள் குவியும் பருவத்துக்குச் சற்று முன்பு. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. அவசரப்பட்டார்கள், நேரம் தப்பு என்பதுதான் பாடப்புத்தக விளக்கம். ஆனால் பின்னால் எழுதியவர்கள் ஒரு சின்ன விவரம் சொல்கிறார்கள்: நெரிசல் காலத்தில் கிடைத்த இடத்திலெல்லாம் சரக்கை அடுக்கி வைப்பது அங்கே பழக்கம். அந்தத் தற்காலிக இடங்களை மென்பொருளில் யாரும் கிடங்காகப் பதிவு செய்யவில்லை. கண்ணெதிரே இருக்கும் பெட்டி மென்பொருளுக்கு இல்லாத பெட்டி. அதைப் படித்த அன்று, கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு கோப்பில், என்னைப் போல ஒருவன் எழுதிய ஒரு வரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதே ஹெர்ஷி 2002-இல் அடுத்த பதிப்புக்கு மாறியபோது அமைதியாக நடந்து முடிந்தது. 1999 இலையுதிர் காலத்தில் போய் அளந்தவர் பெருந்தோல்வி என்று எழுதுவார், மூன்று ஆண்டு கழித்துப் போனவர் வேறு எழுதுவார். மார்கஸும் டானிஸும் 2000-இல் இதைத்தான் காலகட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: திட்டம் வெற்றி, அடுத்து வரும் உலுக்கல் காலம் தோல்வி, அதற்கடுத்து வெற்றி என்று மாறி மாறி வரலாம். பெரும்பாலான ஆய்வுகளோ மென்பொருள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே முடிந்துவிடுகின்றன. கன்சல்டன்டின் ஒப்பந்தம் முடிகிறது, மாணவரின் உதவித்தொகை முடிகிறது, நிறுவனத்துக்கும் பேசிப் பேசி அலுத்துவிடுகிறது. எங்கள் வண்டிகள் திரும்பி வந்தது இரண்டாவது வாரத்தில்.

திரும்பிப் போனது

போன ஆண்டு, ஆய்வுக்காக அதே நிறுவனத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தது. அந்த அம்மா ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. தரவுத் தரம் பற்றி எனக்கு ஒரு படக்காட்சி போட்டுக் காட்டினார்கள். அதில் "டெலிவரி குறிப்பு" கட்டத்துக்குத் தனி ஸ்லைடு. முன்பு நடந்ததிலிருந்து பாடம் கற்று அதைக் கட்டாயக் கட்டமாக்கியிருந்தார்கள், நிரப்பாமல் வாடிக்கையாளர் பதிவைச் சேமிக்கவே முடியாது. நிரம்பிய அளவு 100 விழுக்காடு. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பழக்கதோஷத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டேன். திறந்தார்கள். புள்ளி. அடுத்த பதிவிலும் புள்ளி. கீழே கீழே உருட்டினோம். நடுவில் ஓரிரு இடத்தில் "பின் வாசல், வண்டி திரும்பாது" என்று பழைய வரி, நான் ஏற்றியது, அப்படியே இருந்தது.

அனுப்பும் பிரிவுக்கு இறங்கிப் போனேன். அதே மேசையில் ஓர் இளைஞர். ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி, இங்கே வண்டி எந்த வாசலுக்குப் போகும் என்று டிரைவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்தது. "குரூப்ல இருக்கே சார்" என்று தன் கைபேசியைக் காட்டினார். வாட்ஸாப் குழு. வாசலின் புகைப்படங்கள், குரல் செய்திகள், இடத்தைக் காட்டும் வரைபடக் குறிகள். "இன்னைக்கு செக்யூரிட்டி மாறிட்டார், கிழக்கு கேட்" என்று காலை 6:40-க்கு வந்த செய்தி. பழைய ஃபேக்ஸ் கட்டத்தைவிட நூறு மடங்கு வளமானது. ஈஆர்பியில் அதன் தடமே இல்லை. எந்தக் கட்டத்தின் நிரப்பளவை எடுத்துப் பார்த்தாலும் எனக்குச் சிக்கியிருக்காது.

ஆய்வுக்காக என்னையும் குழுவில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் தயங்கினார்.

"என்னால முடியாது சார். அட்மின் டிரைவர் அண்ணன். லோடு இறக்கிட்டு நாலு மணிக்கு வருவார், அவரைத்தான் கேக்கணும்."